ஆடம் கிரீன்பெர்க்குக்கு 2012-இல் கிடைத்தது நியாயமா, விளம்பரமா?

கணக்குப்பிள்ளை:
தெரியாதவர்களுக்காக: 2005 ஜூலை 9, ஷிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியில் கிரீன்பெர்க்குக்கு முதல் மேஜர் லீக் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம்) ஆட்டம். ஒன்பதாம் இன்னிங்ஸில் மட்டையோடு வருகிறார். மார்லின்ஸ் அணியின் வலேரியோ டி லோஸ் சான்டோஸ் வீசிய முதல் பந்தே, 92 மைல் வேகத்தில், பின்மண்டையில் அடித்தது. அதோடு சரி. ஏழு வருடம் கழித்து, ரசிகர்கள் கையெழுத்து திரட்டினார்கள் என்று அதே மார்லின்ஸ் ஒருநாள் ஒப்பந்தம் தருகிறது. மூன்று பந்து, ஸ்ட்ரைக்அவுட்: மூன்றையும் அடிக்க முடியாமல் அவுட். தன் பிரிவில் கடைசியில் கிடந்த அணி கூட்டம் சேர்க்கச் செய்த வேலை இது. அதற்குக் கீழ்மட்டமான மைனர் லீக்கில் பேருந்து பேருந்தாக அலைகிறவன் இடத்தை அனுதாபத்துக்குக் கொடுக்கலாமா?

மூன்றாம் தளம்:
"அதோடு சரி" என்று தாண்டிவிட்டீர்களே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. குனிந்தால் தலைசுற்றல், படுத்தால் தலைசுற்றல். அப்படியும் மைனர் லீக், அப்புறம் பிரிட்ஜ்போர்ட்டில் மேஜர் லீக்கோடு சேராத தனி லீக்கான அட்லாண்டிக் லீக் என்று விடாமல் ஆடினார். பேருந்தில் அலைந்தவர்தான் ஐயா இவரும். 2011-இல் அந்த லீக்கில் எதிரே பந்து வீச வந்தவர் யார் தெரியுமா? அதே டி லோஸ் சான்டோஸ். இந்தத் தடவை ஹிட் அடித்தார், அதாவது பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார்.

கணக்குப்பிள்ளை:
அங்கே அடித்தது மேஜர் லீக்குக்குத் தகுதியா? 1955-இல் பில்லீஸ் அணியின் ஃபிரெட் வான் டூசன் ஒரே ஒரு முறை மட்டை பிடித்தார், உடம்பில் பந்து பட்டது, கதை முடிந்தது. அவருக்கு அடுத்த வருடம் யார் கையெழுத்து வாங்கினார்கள்?

மூன்றாம் தளம்:
அவருக்குப் பந்தியில் இலை போடவில்லை என்பதற்காக இவரையும் எழுப்பிவிடுவதா?

நக்கிள்பால் நேசன்:
குறுக்கே வருகிறேன். 2012 அக்டோபர் 2, அந்த ஒருநாள் ஆட்டத்தில் அவருக்கு வீசியவர் மெட்ஸ் அணியின் ஆர்.ஏ. டிக்கி, அந்த வருடம் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது வாங்கியவர். அவருடைய நக்கிள்பால் சுழலாமல் மிதந்து வரும். எந்தப் பக்கம் விழும் என்று பிடிக்கிற கேட்சருக்கே தெரியாது. பாவம் என்று நேராக ஒன்று போட்டிருக்கலாம். போடவில்லை. எனக்கு அது பிடித்தது.

கணக்குப்பிள்ளை:
டிக்கி மேல் எனக்குக் குறையே இல்லை. என் கேள்வி மார்லின்ஸிடம்.

மூன்றாம் தளம்:
பெயருக்கேற்ப கணக்கைப் பாருங்கள். உடம்பில் பந்து பட்டால் இலவசமாகத் தளம் கிடைக்கும், ஆனால் அது 'அட்-பேட்' (கணக்கில் சேரும் மட்டை வாய்ப்பு) ஆகாது. ஏழு வருடமும் அவர் பெயருக்கு நேரே அந்தக் கட்டத்தில் பூஜ்யம். டிக்கியிடம் அவுட்டானதால்தான் ஒன்று ஏறியது.

கணக்குப்பிள்ளை:
தளமடைந்த விகிதம் (மட்டை பிடிக்க வந்ததில் எத்தனை பங்கு தளம் சேர்ந்தார் என்பது) 1.000-இலிருந்து .500 ஆக இறங்கியதே, அதையும் எழுதுங்கள்.

மூன்றாம் தளம்:
எழுதியாயிற்று. வாழ்நாள் கணக்கில் அதில் சாதனை வைத்திருக்கும் பழைய நட்சத்திரம் டெட் வில்லியம்ஸுக்கே .482தான் சார்.