'அட்டென்ஷனல் பிளிங்க்': கவன இமைப்பு பொருந்துமா?

வணக்கம்.

ஒன்றைக் கவனித்தபின் அரை நொடிக்குள் வரும் இன்னொன்றைத் தவறவிடுவதை உளவியலில் 'அட்டென்ஷனல் பிளிங்க்' என்கிறார்கள். இதற்குத் தமிழ்ச் சொல்லாக முன்வைக்கப்பட்ட 'கவனச்சிதறல்' பொருந்தாது. நடப்பது நேர்மாறு. சோதனையில் திரையின் ஒரே இடத்தில் நொடிக்குப் பத்துப் பதினோர் எழுத்து மாறிமாறி வரும். எல்லாம் கறுப்பு, ஒன்று மட்டும் வெள்ளை. அந்த வெள்ளை எழுத்து எது, அதற்குப் பிறகு 'எக்ஸ்' வந்ததா என்று சொல்ல வேண்டும். 1992-இல் ரேமண்ட், ஷாப்பிரோ, ஆர்னெல் என்ற ஆய்வாளர்கள் செய்து காட்டியது இது. வெள்ளைக்குப் பின் ஏறத்தாழ 200 முதல் 450 மில்லிநொடிக்குள் எக்ஸ் வந்தால் பலமுறை தவறிவிடுகிறது. வெள்ளையைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதே எக்ஸ் நன்றாகத் தெரிகிறது. கவனம் சிதறவில்லை, முதல் எழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

'கவன மறைப்பு' என்பதும் வேண்டாம். 'மறைப்பு' நமக்கு 'மாஸ்கிங்' என்பதற்குத் தேவை. இதே சோதனையில் எக்ஸைத் தொடர்ந்து வரும் எழுத்து அதை மறைக்கிறது. அந்த எழுத்தை எடுத்துவிட்டு வெற்றிடம் விட்டால் தவறு பெரும்பாலும் மறைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் கட்டுரையே எழுத முடியாது.

என் பரிந்துரை 'கவன இமைப்பு'. கண் மூடுவதாக வாசகர் நினைப்பார் என்பது நியாயமான அச்சம்தான். ஆனால் தமிழில் இமை உறுப்பு மட்டுமன்று, காலமும்கூட. இமைப்பொழுது என்கிறோம், தொல்காப்பியம் மாத்திரைக்குக் கண்ணிமையை அளவாகச் சொல்கிறது. முதல் முறை வரும்போது 'கண் திறந்திருக்கவே' என்று விளக்கத்தில் சேர்த்தால் போதும்.

---

மறுமொழி: 'கவன இமைப்பு' என்பதற்கு உடன்படுகிறேன். சொல்லுக்கு எழுதும் விளக்கத்தில் இரண்டு திருத்தம்.

'மூளை பார்க்கத் தவறுகிறது' என்று எழுதக் கூடாது. எக்ஸுக்குப் பதில் ஒரு சொல்லை வைத்துச் செய்தால், தவறிய சொல்லின் பொருளைக்கூட மூளை எட்டிவிடுகிறது: முன்சொல்லோடு பொருந்தாத சொல் வந்தால் மூளையில் எழும் 'என்400' என்ற மின் அலை இமைப்புக்குள்ளும் குறைவதில்லை என்று லக், வோகல், ஷாப்பிரோ 1996-இல் காட்டினார்கள். அடங்கிப்போவது 'பி3' என்ற வேறொரு மின் அலை. ஆகவே 'புலனுக்கு எட்டியும் நனவுக்கு எட்டாமை' என்பதே சரி. 'நனவு' என்பதற்குப் பதிலாக 'விழிப்புணர்வு' இங்கே உதவாது, அது பிரசாரச் சொல்லாகிவிட்டது.

அடுத்தது, வெள்ளையை ஒட்டி, 100 மில்லிநொடிக்குள் வரும் எக்ஸ் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. 'லேக்-1 ஸ்பேரிங்' என்கிறார்கள். இமைப்பு உடனே தொடங்குவதாக எழுதினால் இது புரியாது. இதற்கு 'ஒட்டுவிலக்கு' என்று வைக்கலாமா? 'ஒட்டித் தப்பல்' எனக்கு இன்னும் தெளிவாகப் படுகிறது, ஆனால் 'ஒட்டுவிலக்குக் காலம்' போல அடுத்த சொல்லோடு சேர அது வளையாது.