மயில்கழுத்து நிறத்தில் நீலக்கல், நிச்சய மோதிரத்துக்கு எங்கே தேடுவது?

திருப்பூர்ப் பனியன்காரன்

எல்லாருக்கும் வணக்கங்க. ஆவணியில் உப்புச்சக்கரை மாற்றி நிச்சயம் செய்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள். பெண் ஈரோடு. மற்ற சீர் செலவெல்லாம் பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், மோதிரம் மட்டும் என் பொறுப்பு. கடைக்குப் போய் ஒரு வைர மோதிரம் எடுத்தோமா வந்தோமா என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் போன மாதம் சென்னிமலைக்குப் போயிருந்தபோது படிக்கட்டு ஓரத்துப் பாறையில் ஒரு மயில் நின்றது. அவள் அதன் கழுத்தைக் காட்டி, "இந்தக் கலர்ல கல்லு கிடைக்குங்களா? வைரம் எனக்கு வேண்டாங்க, எல்லாரும் போடறதுதான அது" என்றாள். அன்றைக்குப் பிடித்த தலைவலி இது.

நெட்டில் தேடியதில் நீலக்கல்லிலேயே நீலமும் பச்சையும் கலந்த ரகம் இருக்கிறது என்று தெரிகிறது. கோவையில் நாலைந்து பெரிய கடைகளில் கேட்டுவிட்டேன், எங்கே போனாலும் கருநீலக் கல்லையோ மஞ்சள் புஷ்பராகத்தையோ எடுத்து நீட்டுகிறார்கள், இல்லாவிட்டால் "உங்க ராசி என்னங்க?" என்கிறார்கள். ராசிக்கல் வேண்டாங்க, நிறம்தான் வேண்டும் என்று சொன்னால் விநோதமாகப் பார்க்கிறார்கள்.

கல்லுக்குப் பட்டை தீட்டி விற்கிற காங்கேயம் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போய் வாங்கலாமா, நம்பலாமா? இன்னொரு சிக்கலும் உண்டு. நீலக்கல் என்ற சொல்லைக் கேட்டதுமே எங்கம்மா "சனியன் கல்லுடா அது, கல்யாணக் காரியத்துல வேண்டாம்" என்று எழுந்து போய்விட்டார்.

சாணைக்காரர் காங்கேயம்

தம்பி, நீங்கள் கேட்கும் நிறத்துக்கு வியாபாரத்தில் டீல் சஃபையர் என்று பேர். நம் பெண்கள் ஜவுளிக்கடையில் மயில்கழுத்து என்று கேட்டு வாங்குகிறார்களே, அதேதான். காங்கேயத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

காங்கேயம் என்றதும் கல் இங்கேயே தோண்டி எடுத்தது என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர். இங்கே கிடைப்பது மூன்ஸ்டோன், அயோலைட், படியூர்ப் பக்கம் அந்தக் காலத்து அக்வாமரைன், இப்படி. சிவன்மலைப் பாறையில் குருந்தம் உண்டு, நீலக்கல்லும் மாணிக்கமும் அந்தக் குருந்தத்தின் நல்ல ரகம்தான், இங்கிலீஷில் காரண்டம் என்பதே நம் குருந்தம் என்ற சொல்லிலிருந்து போனதுதான். ஆனால் நான் பார்த்தவரை இங்கத்துக் குருந்தம் ஒளி புகாத மங்கல் கல், மோதிரத்துக்கு ஆகாது. டீல் நிறம் ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து, அமெரிக்காவில் மான்டானா, மடகாஸ்கர் இந்த மாதிரி இடங்களிலிருந்து வருவது. ஆகவே யாராவது "இது சிவன்மலைக் கல்லுங்க" என்று உங்களிடம் டீல் கல்லை நீட்டினால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இந்த நிறத்தின் குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், சேலையைத் திருப்பத் திருப்ப மாறும் இல்லையா? நீலக்கல்லும் அப்படித்தான், ஒரு திசையில் பார்த்தால் நீலம், குறுக்கே பார்த்தால் பச்சை ஓடும். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்து நீலத்தைக் கொடுக்கும், இரும்பு தனியாக மஞ்சளைக் கொடுக்கும், இரண்டும் ஒரே கல்லில் கலந்தால் பச்சை வாடை வந்துவிடும். முரட்டுக் கல்லை எந்தப் பக்கம் மேலாக வைத்து அறுக்கிறோம் என்பதில்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. எடை குறைந்துவிடுமே என்று பேராசைப்பட்டு அறுத்த கல்லில் நடுவில் ஜன்னல் விழும், அதாவது நடுப்பாகம் வெளிறி வெறும் கண்ணாடி மாதிரித் தெரியும். கல்லை நேராகத் தினத்தாள் மேல் வையுங்கள், நடுவில் எழுத்து படிக்க முடிந்தால் அந்தக் கல்லுக்கு விலை பேசாதீர்கள்.

பொட்டலக் காகிதத்தில் வைத்தபடியே பார்த்து மயங்கவும் கூடாது. உள்தாளின் நிறத்தைக் கல்லுக்குத் தோதாகத்தான் போட்டிருப்போம், நானும் போடுவேன், பொய் சொல்ல மாட்டேன். கல்லை விரல் இடுக்கில் வைத்துக்கொண்டு கடைக்கு வெளியே வாருங்கள். நேர் வெயிலில் எந்தக் கல்லும் மினுக்கும். நிழலில் பாருங்கள், அப்புறம் சாயங்காலம் வீட்டு மஞ்சள் பல்பில் ஒருமுறை. டீல் கல் பல்பு வெளிச்சத்தில் சாம்பல் அடிக்கலாம், சிலது கறுத்தே போய்விடும். உங்கள் பெண் மோதிரம் போட்டுக்கொண்டு இருக்கப்போவது கடை விளக்கில் இல்லை.

கோவைப் பட்டறை

அண்ணன் கல்லைச் சொல்லிவிட்டார், நான் தங்கத்தைச் சொல்கிறேன். செல்வபுரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டில் 916 தவிர வேறு எதையும் தங்கமென்றே ஒத்துக்கொள்ள மாட்டார்கள், தெரியும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் கல்லைப் பிடித்திருக்கும் நாலு கால் 22 காரட்டில் இருந்தால் வளையும். தினமும் போடுகிற மோதிரம், வண்டிச் சாவி, பாத்திரம், துணி என்று எதிலாவது மாட்டி ஒரு கால் நிமிர்ந்தால் போதும், கல் எங்கே விழுந்ததென்று தேட வேண்டியதுதான். 18 காரட்டில் செய்யுங்கள், 750 என்று முத்திரை விழும், அதற்கும் ஆறு எழுத்து எண்ணோடு முறையான ஹால்மார்க் உண்டு. 22 காரட்டில்தான் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால் காலே வேண்டாம், கல்லைச் சுற்றித் தகடு மடக்கிக் கட்டச் சொல்லுங்கள். கொஞ்சம் பழைய மோஸ்தராகத் தெரியும், கல் மட்டும் அசையாது.

நீள்வட்டக் கல் 7க்கு 5 மில்லிமீட்டர் என்றால் எடை சுமாராக ஒரு காரட் வரும் (கல்லுக்குக் காரட் என்பது எடை, தங்கத்துக்குத்தான் தரம்), மெலிந்த விரலுக்கு அதுவே எடுப்பு. வைரத்தை அளவாக வைத்து நினைக்காதீர்கள். நீலக்கல் கனமான கல், ஒரே எடையில் வைரத்தைவிடச் சின்னதாகத்தான் தெரியும். பில் போடும்போது கல் எடையைக் கழித்துத்தான் தங்கத்துக்கு விலை போட வேண்டும். ஒரு காரட் கல் 200 மில்லிகிராம், அந்த 200 மில்லியைத் தங்க விலையில் சேர்த்துவிடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். சேதாரம் எவ்வளவு என்பதைக் கல்லைக் கையில் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

மஞ்சள் தங்கத்தில் வைத்தால் கல்லின் பச்சை தூக்கும், வெள்ளைத் தங்கத்தில் நீலம் தூக்கும். இது என் கண்ணுக்கு, வேறு பத்தர் வேறு மாதிரி சொல்லலாம்.

கோபி அக்கா

தம்பி, நான் ஏமாந்த கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். மகளுக்கு வளைகாப்பு சமயத்தில் ஒரு நீலக்கல் மோதிரம் எடுத்தேன், கடைப்பேர் வேண்டாம். நல்ல நிறம், விலையும் மலிவு. அந்த மலிவிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். குழந்தை பிறந்த பிறகு விரல் பெருத்துவிட்டது என்று மோதிரத்தைப் பெரிதாக்க உள்ளூர் ஆசாரியிடம் கொடுத்தாள். அவர் வழக்கம்போல ஊதி நெருப்புக் காட்டினார், அவ்வளவுதான், கல்லுக்குள் வெள்ளை வெள்ளையாக வலை பின்னினது போல விரிசல் கிளம்பிவிட்டது. ஆசாரி நடுங்கிப்போனார் பாவம், அவர்மேல் தப்பே இல்லை. வெடிப்புகளில் கண்ணாடியை ஊற்றி நிரப்பின கல்லாம் அது. அந்த மாதிரிக் கல்லுக்கு எலுமிச்சைச் சாறு பட்டாலே உள்ளே இருக்கிற கண்ணாடி அரித்துவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. நிறம் நன்றாக வருவதற்காக முன்பே சூடு காட்டின கல் என்பது வேறு, அது உலகம் முழுக்கச் செய்வது, நிறம் நிலைத்துவிடும், சொல்லி விற்றால் தப்பில்லை. கண்ணாடி நிரப்பினதை மட்டும் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அம்மா சொல்கிறதற்கு வருகிறேன். எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றது, ஒரு நீலக்கல்லை வாங்கி மஞ்சள் துணியில் முடிந்து மூன்று ராத்திரி தலைமாட்டில் வைத்துப் பார்த்தது. இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் காலையில் களத்தில் ராகி காயப்போடும்போது காக்கா தலையில் தட்டிவிட்டுப் போய்விட்டது. அன்றைக்கே பஸ் ஏறிப் போய்க் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தது! நான் இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஆனால் அம்மா மனசில் ஒரு முள் இருக்கும்போது அந்த மோதிரத்தைப் போட்டுவிட்டால் பிற்பாடு வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் கல்லைத்தான் சொல்வார்கள், பழி வந்த பெண்மேல் விழும். பேசி முடித்துவிட்டு வாங்குங்கள்.

நொய்யல் கரை

ஒரே ஒரு வரி. கொடுமணல் அகழாய்வில் நீலக்கல் மணிகளும் கிடைத்திருக்கின்றன, உங்கள் ஊர் வழியாக ஓடுகிற அதே நொய்யல் கரையில்தான். இந்தப் பக்கத்து ஆள் நீலக்கல்லைக் கையில் எடுத்து இரண்டாயிரம் வருடமாகிறது, ஊர் ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

திருப்பூர்ப் பனியன்காரன்

நொய்யல் அண்ணா, சொன்னேன். "அதான் அந்த ஊரே மண்ணுக்குள்ள போயிருச்சு" என்கிறார் அம்மா. வேறு ஏதாவது இருந்தால் கொடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவளும் அவள் அண்ணனும் நானுமாகக் காங்கேயம் போனோம். முதல் கடையில் காட்டியது 1.4 காரட், விளக்குக்குக் கீழே மயில் தோகையேதான், அவளுக்குக் கண் விரிந்துவிட்டது. சாணைக்கார அண்ணன் சொன்னபடி வெளியே எடுத்துவந்து பேக்கரி நிழலில் பார்த்தோம், கல் முக்கால்வாசி கறுத்துப்போய் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை. இரண்டாவது இடத்தில் ஒரு கல், ஒரு பக்கம் பார்த்தால் நல்ல நீலம், திருப்பினால் அப்படியே வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. விலையும் ரொம்பக் குறைவு. ஏதோ உறுத்தியது, வாங்கவில்லை. அது என்ன கல்லாக இருக்கும் அண்ணா?

மூன்றாவது இடத்தில் 1.08 காரட், நீள்வட்டம். நிழலில் நீலப்பச்சை, ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு மஞ்சள் பட்டை. இதைக் குறை என்று சொல்லி விலையை இறக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன், அவள் பட்டென்று "மயில் கழுத்துலயும் இந்தப் பொன்னிறம் ஓடுமுங்க, இதேதான் வேணும்" என்று கடைக்காரர் காதில் விழும்படியே சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் என்ன பேரம்! சூடு காட்டாத கல் என்கிறார், கடைக் கார்டு ஒன்று கொடுக்கிறார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார்.

அம்மாவிடம் நீலக்கல் என்று சொல்லாமல் மயில்கழுத்துக் கல் என்று சொல்லிப் படம் காட்டினேன். "முருகன் வாகனத்து நிறமாட்ட இருக்குது, இது நல்லா இருக்கு" என்றார். இப்படியே விட்டுவிடலாமா?

கோபி அக்கா

விடாதீர்கள். நிச்சயத்தன்று கூட்டத்தில் யாராவது ஒரு பெரியம்மா "இது நீலக்கல்லாச்சே" என்று சொல்லத்தான் போகிறது. மயில்கழுத்து நிற நீலக்கல் என்று முழுப்பேரையும் நீங்களே இப்போதே சொல்லிவிடுங்கள். நிறம் பிடித்துவிட்டது இல்லையா, பாதி வேலை முடிந்தது.

சாணைக்காரர் காங்கேயம்

உறுத்தினதே நல்லது தம்பி. திருப்பினால் வைக்கோல் நிறத்துக்கு வந்தது அயோலைட்டாகத்தான் இருக்கும், நேரில் பார்க்காமல் சத்தியம் செய்ய மாட்டேன். நீலக்கல்லில் நிறம் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில்தான் போய்வரும், அவ்வளவு தூரம் வெளிறாது. அயோலைட்டும் அழகான கல்தான், ஆனால் கடினம் ஏழுக்கும் ஏழரைக்கும் நடுவில். நீலக்கல் ஒன்பது. தெருப்புழுதியில் இருக்கிற மணலே ஏழு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், தினம் போடுகிற மோதிரத்தில் அயோலைட் சீக்கிரம் மங்கிவிடும்.

மஞ்சள் பட்டை குறையில்லை. இரண்டு நிறம் ஓடுகிற கல்லுக்கென்றே தனியாக ஆள் தேடி வருகிறார்கள், பார்ட்டி சஃபையர் என்பார்கள், ஆஸ்திரேலியக் கல்லில் அது சகஜம். உங்களுக்கு வாய்த்தவருக்குக் கண் இருக்கிறது.

கடைக் கார்டு ரிப்போர்ட் ஆகாது. சூடு காட்டாத கல் என்று சொல்லி விலை கேட்டால் ஜிஐஏ, ஜிஆர்எஸ் மாதிரி லேபில் அதை எழுதி வாங்கித் தர வேண்டியது விற்கிறவர் பொறுப்பு. இயற்கைக் கல்லா, சூடு காட்டியதா, வேறு ஏதாவது உள்ளே ஏற்றியதா என்று மூன்றும் அதில் வந்துவிட வேண்டும். இந்த விலைக் கல்லுக்கு லேப் செலவு கட்டுப்படியாகாது என்று அவர் சொன்னால் சூடு காட்டின கல் விலைக்குக் கொடுங்கள் என்று கேளுங்கள், மறுக்க மாட்டார். ரிப்போர்ட் சரியில்லை என்றால் பணம் திரும்பத் தர வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்கிவிட்டு முன்பணம் கொடுங்கள், பாதி வேண்டாம், கால்வாசி போதும். கல்லை லேபுக்கு அனுப்பும் முன் எடையைப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், மஞ்சள் பட்டை தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் அதே 1.08தானா, பட்டை அதே ஓரத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்த பிறகு கோவைத் தம்பியின் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.