புதிதாக வரும் தமிழர்களுக்கான பாதுகாப்புக் குறிப்பு: வரைவின் மீது விவாதம்

மாண்ட் கியாரா மாடிவாசி:

வணக்கம். வேலைக்கும் படிப்புக்குமாகக் கோலாலம்பூரில் வந்து இறங்கும் நம்மவர்களிடம் கொடுப்பதற்காக, தெருக் குற்றங்களிலிருந்து தற்காத்துக்கொள்வது பற்றி ஒரு பக்க அளவில் குறிப்பு ஒன்றை எழுதியிருக்கிறேன். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். வாசகம் இதுதான்:

"இரவு ஒன்பது மணிக்குமேல் தனியாக நடக்க வேண்டாம்; கார் அழைத்துக்கொள்ளுங்கள். கைப்பையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்ளுங்கள். தங்க நகை அணிந்து வெளியே செல்ல வேண்டாம். பாஸ்போர்ட்டை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மோட்டார் சைக்கிளில் இருவராக வரும் உள்ளூர் இளைஞர்களைக் கண்டால் ஒதுங்கி நில்லுங்கள். வழிப்பறி நடந்தால் எதிர்க்காமல் பொருளை விட்டுவிட்டு, 999ஐ அழைத்து, காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்."

யாரையும் மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. சங்கிலிப் பறிப்புச் செய்திகளைப் படித்தே சென்னையில் வளர்ந்தவர்கள்கூட, இங்குள்ள அகன்ற சாலைகளையும் குடியிருப்பு வாயிலில் நிற்கும் நேப்பாளக் காவலர்களையும் கண்டதும் கவனத்தைத் தளர்த்திவிடுகிறார்கள். கைப்பேசிச் செயலியில் அழைத்த கிராப் வாடகைக் கார் எங்கே வருகிறது என்று பார்த்தபடி, சாலை விளிம்பில் ஒரு கையில் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பவரிடமிருந்து அதைப் பறிப்பதற்கு, பின்னால் வருகிறவன் வண்டியின் வேகத்தைக் குறைக்கக்கூடத் தேவையில்லை. திரை திறந்த நிலையில் பறிபோனால் வங்கிக் கணக்கும் சேர்ந்து போனதாகத்தான் கொள்ள வேண்டும்.

செந்தூல்காரன்:

ஐயா, உங்கள் நோக்கத்தைக் குறை கூறவில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் இருவராக வரும் உள்ளூர் இளைஞர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்குள் என் இரண்டு மகன்களும் அடங்கிவிடுகிறார்கள். பெரியவன் சின்னவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு காப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறான். சாலை விளக்கில் நின்றால், ஓரமாக நிற்கும் பெண்கள் கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொள்வதை அன்றாடம் பார்க்கிறான். கறுத்த முகத்தைப் பார்த்து வரும் இந்த அச்சத்தைப் பிறர் மலேசியத் தமிழர்களான எங்கள்மீது சுமத்தியது போதாதா? அதையே தமிழில் அச்சடித்துத் தமிழர் கையில் கொடுக்க வேண்டுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரகுட் எனப்படும் வழிப்பறிக் கொள்ளை வெளிநாட்டவரைத் தேடி வந்த பிணி என்பதுபோல உங்கள் குறிப்பு தொனிக்கிறது. 2004ஆம் ஆண்டில், பை பறிக்கப்பட்டுக் கீழே விழுந்த பெண்கள் உயிரிழந்த செய்திகளால் இந்த நாடு கொதித்துப்போனது. 'பாதுகாப்பான நகர்' திட்டத்தை அரசு தொடங்கியதும் அதே ஆண்டில்தான். நடைபாதையையும் சாலையையும் பிரித்து நிற்கும் இரும்புத் தடுப்புகள், முனைகளில் இருக்கும் கண்காணிப்புக் கேமராக்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. எங்கள் வீட்டுப் பெண்கள் விழுந்த பிறகு போடப்பட்டவை அவை.

மாண்ட் கியாரா மாடிவாசி:

ஐயா, அந்த வரியில் எந்த இனத்தையும் நான் குறிப்பிடவில்லை. 'உள்ளூர்' என்ற சொல் உறுத்துகிறது என்றால் அதை எடுத்துவிடுகிறேன்.

செந்தூல்காரன்:

சொல்லை எடுத்தால் போதாது, வரியையே எடுங்கள். ஒரே வண்டியில் இருவராகப் போவது உழைக்கும் மக்களின் பயண முறை. அதற்குப் பதிலாகப் பயனுள்ளதைச் சொல்லுங்கள். வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாடு இது. எனவே எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் வலப்பக்கமாக நடக்க வேண்டும், பை சுவர்ப்பக்கத் தோளில் இருக்க வேண்டும். பின்னாலிருந்து வரும் வண்டியின் ஓசை நம்மை நெருங்கும்போது சட்டென்று தணிந்தால் திரும்பிப் பார்க்க வேண்டும். கார் வரும்வரை கடை வாசலுக்குள் நிற்க வேண்டும். இவற்றைக் கடைப்பிடிக்க யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை.

கெரிஞ்சி மாணவி:

யாழ்ப்பாணத்திலிருந்து மேற்படிப்புக்கு வந்தவள் நான். ஐயா சொன்ன வலப்பக்க நடை, நடைபாதை தொடர்ச்சியாக இருக்கும் தெருவுக்குத்தான் பொருந்தும். பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையில் நடந்து பாருங்கள்: ஐந்தடி நடைபாதையில் ஓரிடத்தில் பூமாலை கட்டும் மேசை, அடுத்து உணவகத்தின் நாற்காலிகள், அதற்கடுத்து நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றுக்கும் சாலையில் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். பை பறிப்பவனுக்கு அந்த இறங்கும் இடம் போதும்.

மாடிவாசி அண்ணா, பையைக் குறுக்காக மாட்டச் சொல்லும் வாசகத்தைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். கூட்டத்தில் பிக்பாக்கெட்காரனிடமிருந்து அது காக்கும் என்பது உண்மைதான். மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் மாலை நேர நெரிசலில் நானும் அப்படித்தான் மாட்டுகிறேன். ஆனால் ஓடும் மோட்டார் சைக்கிளிலிருந்து ஒருவன் வாரைப் பிடித்து இழுக்கும்போது, வார் அறாவிட்டால் பையோடு ஆளும் இழுபடுவார். அந்த விழுகையில் தலை தரையில் மோதுவதுதான் உயிரைப் பறிக்கிறது. வண்டி ஓடும் தெருவில் பை இழுத்ததும் கழன்றுபோகும்படி ஒரு தோளில் தொங்கட்டும், அதற்குள் இழக்க முடியாத எதுவும் இல்லாமல் இருக்கட்டும்.

இரவு ஒன்பது மணி பற்றியும் சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் என் வேலை பல நாள் அதற்குப் பிறகுதான் முடிகிறது. யுனிவர்சிட்டி எல்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து அறைக்கு நடந்தே போகிறேன். உதவித்தொகையில் வாழ்பவள் ஒவ்வோர் இரவும் கார் பிடிக்க முடியாது, மழை இரவில் கிராப் கேட்கும் கட்டணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பதுதான் ஒரு தெருவின் பாதுகாப்பு. எல்லாரையும் ஒன்பது மணிக்கு உள்ளே அனுப்பிவிட்டால், வேலை முடித்து வருபவளுக்கு வெறிச்சோடிய தெருதான் மிஞ்சும்.

மாண்ட் கியாரா மாடிவாசி:

சகோதரி, பை வாரைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். ஒன்பது மணியில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. நீங்கள் பேசுவது நகரம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. நாளை விமான நிலையத்தில் இறங்கப்போகும் பிள்ளைக்கு, எந்தத் தெருவில் மாமாக் கடை எனப்படும் உணவகம் விடிய விடியத் திறந்திருக்கும், எந்தச் சந்தில் விளக்கு எரியாது என்பது தெரியாது. ஊர் பிடிபடும்வரை அந்தப் பிள்ளை காரில் போகட்டும். நகரம் திருந்துவதற்குள் யாராவது ஒருவர் விழுந்து மண்டை உடையக் கூடாது என்பதே என் கவலை.

பூச்சோங் இல்லத்தரசி:

நகை அணிய வேண்டாம் என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். தாலியையுமா கழற்ற வேண்டும்? தங்கச் சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து உள்ளே போட்டுக்கொண்டுதான் தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போகிறோம். மெட்ராஸிலிருந்து வரும் பெண்களுக்கு இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கழற்று என்றால் எவளும் கேட்க மாட்டாள்.

லெபோ அம்பாங் கணக்கர்:

கார், பை, தங்கம் எல்லாம் பேசியாகிவிட்டது. என் முகப்புக்கு வருபவர்களிடம் இவற்றில் எதுவும் இல்லை. ஊருக்குப் பணம் அனுப்பும் கடை ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். சம்பள உறையை நான்காக மடித்துக் காலுறைக்குள் வைத்து வருவான் ஒருவன். இன்னொருவன் அரைஞாண் கயிற்றில் சுருட்டிக் கட்டி வந்து, முகப்பில் நின்று அவிழ்க்கக் கூச்சப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போய் எடுத்து வருவான். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட். அந்த உறை போனால் ஒரு மாதம் முழுவதும் போனது. சம்பள வாரத்து ஞாயிறு என்பது மறிக்கிறவனுக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்த சமையல்காரப் பிள்ளை ஒருவன், கடையைக் கழுவிப் பூட்டிவிட்டு நள்ளிரவு தாண்டிப் பின்சந்து வழியாக விடுதிக்குப் போகும்போது இருவர் வண்டியில் வந்து மறித்தார்கள். கத்தி எதுவும் காட்டவில்லை. ஏதோ ஓர் அட்டையைக் காட்டி, போலீஸ் என்று சொல்லி, பாஸ்போர்ட் கேட்டார்கள். அவன் நகலை நீட்டினான். அசல் எங்கே என்றார்கள். அசல் முதலாளியின் இழுப்பறையில் இருந்தது. அப்படியானால் வண்டியில் ஏறு, நிலையத்துக்குப் போகலாம் என்றதும் பிள்ளை தானாகவே உறையை எடுத்துக் கொடுத்துவிட்டான். மறுநாள் நான் எவ்வளவு சொல்லியும் புகார் செய்ய வர மறுத்துவிட்டான்: அங்கேயும் முதலில் பாஸ்போர்ட்டைத்தானே கேட்பார்கள், முதலாளிக்குத் தெரிந்தால் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டாரே என்றான்.

நகலை மட்டும் எடுத்துச் செல்லுங்கள் என்ற உங்கள் வாசகம், பாஸ்போர்ட் தன் அலமாரியில் இருப்பவருக்காக எழுதப்பட்டது ஐயா. இந்தப் பிள்ளையிடம் நகலைத் தவிர வேறெதுவும் இருந்ததில்லை. அவன் புகார் செய்ய மாட்டான் என்று தெரிந்துதான் அவனை மறிக்கிறார்கள்.

மாண்ட் கியாரா மாடிவாசி:

இது கொடுமைதான். ஆனால் சட்டம் அந்தப் பிள்ளையின் பக்கம்தானே இருக்கிறது? அடுத்தவருடைய பாஸ்போர்ட்டைத் தகுந்த அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். சம்பளத்தை வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்பதே 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் பொது விதி. இவ்விரண்டையும் குறிப்பில் சேர்த்தால் போதாதா?

லெபோ அம்பாங் கணக்கர்:

சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படுக்கும் கட்டில், சாப்பிடும் சோறு, பெர்மிட்டில் இருக்கும் பெயர் மூன்றும் முதலாளியுடையவையாக இருக்கும்போது, அந்தச் சட்டத்தைச் சொல்லி இழுப்பறையைத் திறக்க வைக்கும் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. முதலாளியிடம் வங்கிக் கணக்கு கேட்பது அதைவிட எளிது. பல முதலாளிகளுக்கு அதில் நட்டமும் இல்லை. ரொக்கம் கையில் வராவிட்டால் சம்பள வார ஞாயிறு மற்ற ஞாயிறுகளைப் போலாகிவிடும்.

செந்தூல்காரன்:

கணக்கர் தம்பி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் நிலையத்துக்குப் போனால் மாட்டிக்கொள்வோம் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருப்பதை நாமே வளர்த்துவிடக் கூடாது. மறிக்கிறவனுக்கு மூலதனமே அந்த நம்பிக்கைதான். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுத்தில் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவு சொல்கிறது. மலாய் தெரியாதவனோடு உள்ளூர்த் தமிழர் ஒருவர் போய் நின்றால் பாதிப் பயம் தெளிந்துவிடும். அந்த வேலைக்கு என்னைப் போன்ற ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறோம். கடப்பிதழே பறிபோயிருந்தால் புகார் நகல் இல்லாமல் இந்தியத் தூதரகத்திலும் வேலை நடக்காது, குடிநுழைவுத் துறையிலும் நடக்காது.

போலிப் போலீஸ் விஷயத்தையும் குறிப்பில் எழுதுங்கள். சீருடை இல்லாமல் வருபவரிடம் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லலாம். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் வைத்திருப்பது நீல அட்டை, அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மஞ்சள், சேமப்படையினருக்கு வெள்ளை. சிவப்பு என்றால் பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர், அவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. பெயரையும் எண்ணையும் வாய்விட்டுப் படித்து, அருகிலுள்ள நிலையத்துக்கோ பொண்டோக் போலீஸ் எனப்படும் சிறு காவல் சாவடிக்கோ நடந்தே வருகிறேன் என்று பணிவாகச் சொல்ல வேண்டும்.

லெபோ அம்பாங் கணக்கர்:

பின்சந்தில், நள்ளிரவில், தனியாக நிற்பவன் அட்டையின் நிறத்தைப் பார்ப்பானா ஐயா?

செந்தூல்காரன்:

எல்லாரும் பார்க்க மாட்டார்கள். பத்தில் இரண்டு பேர் கேட்கத் தொடங்கினால்கூட மறிக்கிறவனுக்குக் கை நடுங்கும். அதோடு, கடை அடைத்ததும் பின்சந்து வழியாகத் தனித்தனியாகப் போகாமல், முன்வாசல் வழியாகச் சேர்ந்து போகச் சொல்லுங்கள். அதற்குச் சட்டமும் வேண்டாம், முதலாளியின் தயவும் வேண்டாம்.

மாண்ட் கியாரா மாடிவாசி:

திருத்திய வாசகம்:

"சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள், ரொக்கமாக வாங்கினால் அன்றே, துணையோடு போய் அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்து சேர்ந்தே விடுதிக்குத் திரும்புங்கள். போலீஸ் என்று சொல்பவர் சீருடையில் இல்லாவிட்டால் அதிகார அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். வண்டிகளுக்கு எதிர்முகமாக நடங்கள்; பை சுவர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும், இழுத்தால் விட்டுவிடுங்கள். தாலியைக் கயிற்றில் கோத்து உள்ளே அணியுங்கள். காருக்குக் காத்திருக்கும்போது கடைக்குள் நில்லுங்கள். கைப்பேசி போனால் வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்து உடனே கணக்கை முடக்குங்கள். 999ஐ அழையுங்கள், எந்தக் காவல் நிலையத்திலும் புகார் செய்யலாம், மொழிக்குத் துணை வர ஆள் இருக்கிறார்கள். ஊர் பழகும்வரை இரவு ஒன்பதுக்குமேல் தனியாக நடக்க வேண்டாம்."

பாஸ்போர்ட் வாசகத்தை, அசல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அதைக் கணக்கர் ஐயா பார்த்துத் தர வேண்டும்.

லெபோ அம்பாங் கணக்கர்:

அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். சம்பள வாரத்தில் முகப்பிலேயே வைத்துக் கொடுக்கிறேன்.

கெரிஞ்சி மாணவி:

ஊர் பழகும்வரை என்று சேர்த்ததற்கு நன்றி அண்ணா. ஆனாலும் அந்தக் கடைசி வாசகம் இருக்கும்வரை, தயாரித்தவர்கள் பட்டியலில் என் பெயரைப் போட வேண்டாம். மற்றவற்றை எங்கள் மாணவர்களிடம் நானே கொடுக்கிறேன்.