கெய்ரின் முன்னோட்டம்: லாவ்ரெய்சனுக்கு எதிராக யாரை முன்வைப்பது?

உறுப்பினர்களுக்கு வணக்கம். டென்மார்க்கின் பாலரப் நகரில் 2024 அக்டோபரில் நடக்கவிருக்கும் உலக டிராக் சைக்கிள் சாம்பியன்ஷிப்புக்கு நம் குழுவுக்காக முன்னோட்டம் எழுதி வருகிறேன். மோட்டார் வண்டி ஒன்றின் பின்னே வரிசையாக ஓட்டத் தொடங்கி, அது விலகியதும் முந்திப் பாயும் பந்தயமான கெய்ரினில், ஆடவர் பகுதிக்கு உங்கள் உதவி தேவைப்படுகிறது.

குறுந்தூர வேகப் பந்தயமான ஸ்பிரிண்டில் எனக்குத் தயக்கமில்லை. பாரிஸ் ஒலிம்பிக்கில் மேத்யூ ரிச்சர்ட்சன் 200 மீட்டரை 9.091 நொடியில் கடந்து படைத்த உலகச் சாதனையைச் சற்று நேரத்திலேயே 9.088 நொடியில் முறியடித்து, மூன்று தங்கங்களுடன் திரும்பிய நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரெய்சனைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.

கெய்ரின் அப்படியன்று. முன்னே செல்லும் மோட்டார் வண்டி மூன்று சுற்றுகள் மிச்சமிருக்கும்போது விலகியதும், பிரேக்கே இல்லாத சைக்கிள்கள் தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில் பாய்கின்றன. பின்வரிசையில் மாட்டிக்கொண்டவர் எவ்வளவு வேகமானவராயினும், சாய்வான ஓடுதளத்தின் மேற்புறமாகச் சுற்றிவந்துதான் முந்த வேண்டும். பாரிஸ் இறுதிப்போட்டியில் எல்லைக்கோட்டருகே வீரர்கள் சரிந்து விழுந்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

லாவ்ரெய்சனை வெல்லக்கூடியவர் என்று நீங்கள் கருதும் ஒருவரின் பெயரைக் காரணத்துடன் எழுதுங்கள். குறிப்பாக, 1948இல் இப்பந்தயம் பிறந்த ஜப்பானின் வீரர்களைத் தொடர்ந்து கவனிப்பவர்கள், அவர்கள் எந்தச் சுற்றில் பாய்ச்சலைத் தொடங்குகிறார்கள் என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.