மேட்டுக்காட்டுக் கல்வட்டம்: பெரியதோட்டம் குடும்பக் குழு

செந்தில்: வியாழன் காலை ஜேசிபி வருகிறது. மேட்டுக்காட்டில் வட்டமாகக் கிடக்கும் குண்டுக்கல்லை ஓரம் தள்ளி, கோழி ஷெட்டுக்கு மட்டம் பண்ணப் போகிறோம். வாடகையில் பாதி ரவி அண்ணன்.

ரவி: யார் சொன்னது?

பெரியப்பா: செந்தில், அந்தக் கல்லில் கை வைக்காதே சாமி. அப்பாரு பாண்டவர் குழி என்பாரே, அதுதான். பாண்டவர் வெட்டியதல்ல. இரும்புக்காலத்து ஆட்களின் ஈமச்சின்னம், 2,000 வருடத்துக்கும் முந்தியது. நடுவில் குவிந்திருக்கும் சில்லுக்கல்லுக்குக் கீழே, பலகைக்கல்லை நாலு பக்கமும் நிறுத்தி அறை கட்டி, செத்தவர் எலும்பு, கருப்பு சிவப்புப் பானை, இரும்புக் கத்தி எல்லாம் வைத்து மூடுவார்கள். நொய்யல் கரைக் கொடுமணலில் இதே மாதிரிக் குழிகளில் சூதுபவளம் என்கிற சிவப்புக்கல் மணிகள் கிடைத்தன. பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் அந்த ஊர்தான். 1985ல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே தோண்டியது.

கார்த்தி: தங்கம் இருக்குமா பெரியப்பா?

கவிதா: ஆரம்பிச்சாச்சு.

பெரியப்பா: அந்த ஆசையில்தான் பாதிக் குழிகள் நாசமாயின. 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமான எது கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும்.

பாப்பாத்தி அத்தை: ஞாயிறு சென்னிமலையில் காதுகுத்து. வேன் 17 சீட்டா, 22 சீட்டா?

செந்தில்: ஷெட்டை எங்கே போடுவது? கிணற்றடிக் காடு ரவி அண்ணனுக்குப் போனது. எனக்குப் பாறைதான் மிஞ்சியது.

ரவி: அப்பா கையெழுத்துப் போட்ட பங்கு. குழுவில் பேசாதே.

கவிதா: தெற்கு வேலி ஓரம்?

செந்தில்: கரண்ட் கம்பி போகிறது.

பெரியப்பா: கல்லைத் தள்ளிவிட்டு மறுபடி அடுக்கினால் அது வெறும் கல். எது எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பதில்தான் விஷயமே. தொல்லியல் துறைக்கு நான் எழுதுகிறேன். படம் அனுப்பு. உச்சி வெயிலில் எடுக்காதே, காலையில் நிழல் விழும்போதுதான் வட்டம் தெளிவாகத் தெரியும்.

செந்தில்: அட்வான்ஸ் கொடுத்தாச்சு பெரியப்பா.

ரவி: ஜேசிபியை என் வாழைக்கு வாய்க்கால் வெட்ட அனுப்பு. முழு வாடகையும் நான் தருகிறேன்.

செந்தில்: சரி, இந்த வியாழன் மட்டும். லோன் வந்துவிட்டது, ஆவணிக்குள் ஷெட் எழும்ப வேண்டும்.

கவிதா: கம்பியை நகர்த்த மின்வாரியத்தில் மனு கொடுக்கலாமே.

பெரியப்பா: படம் எங்கே?

பாப்பாத்தி அத்தை: செந்திலு, நீயும் ரவியும் ஒரே வேனில் வருவீர்களா? சீட்டு சொல்ல வேண்டும்.