டிஸ்க் இமேஜ் பேக்கப்புக்கு எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? சப்போர்ட்ட நம்பலாமா?

ஈரோடு_கணக்கு:
வணக்கம்ங்க. சின்ன ஆடிட் ஆபீஸ், நாலு கம்ப்யூட்டர், எல்லாமே விண்டோஸ் 11. டேலி (கணக்கு சாஃப்ட்வேர்) டேட்டாவ தினமும் வெளி டிஸ்க்ல காப்பி போட்டுடறோம், அது பிரச்சினை இல்ல. ஆனா எஸ்எஸ்டி போச்சுன்னா விண்டோஸ் ஏத்தி, டேலி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கனோட டிரைவர், பிரிண்டர்னு ஒவ்வொண்ணா போட்டு முடிக்கறதுக்குள்ள 20ஆம் தேதி ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் கெடு போயிடும்ங்க. அதான் முழு டிஸ்க்கையும் இமேஜா, அதாவது விண்டோஸ், புரோகிராம் எல்லாம் சேத்து அப்படியே நகலா எடுத்து வைக்கலாம்னு இருக்கோம். காசு குடுத்தே வாங்கறோம், வாங்கறதே சப்போர்ட்டுக்காகத்தான். ராத்திரி ரீஸ்டோர் பாதில நின்னா போன் பண்ணா எடுப்பாங்களா? மேக்ரியம், அக்ரோனிஸ், வீம் இதுல எது?

சேலம்_சர்வீஸ்:
நான் பத்து பதினஞ்சு ஆபீஸுக்கு இத செஞ்சு குடுத்துட்டிருக்கேன்ங்க. மூணுமே இமேஜ் ஒழுங்கா எடுக்கும். மேக்ரியம் ஃப்ரீ எடிஷன் முடிஞ்சுடுச்சு, செக்யூரிட்டி பேட்ச் கூட 2024 ஜனவரி 1 வரைக்கும்தான் குடுத்தாங்க, இப்ப இருக்கற ரிஃப்ளெக்ட் எக்ஸ் வருஷ சந்தா. வீம் ஏஜென்ட் ஃப்ரீயாவே கிடைக்கும், ஆனா ஃப்ரீக்கு சப்போர்ட்னா அவங்களுக்கு ஆள் ஒழியறப்பதான் பாப்பாங்க. விண்டோஸ்லயே கன்ட்ரோல் பேனல்ல ஒரு சிஸ்டம் இமேஜ் வசதி கிடக்குது, அத 2017லயே மைக்ரோசாஃப்ட் கைவிடப் போறோம்னு சொல்லிடுச்சு, அத நம்பி இறங்காதீங்க.

சப்போர்ட் பத்தி கேட்டீங்கல்ல. வீட்டு லைசென்ஸ், சின்ன பிசினஸ் லைசென்ஸ்னா பெரும்பாலும் டிக்கெட் (அவங்க வெப்சைட்ல பதிவு பண்ற புகார்), மெயில், சாட்தான். டிக்கெட் போட்டா முதல் பதில் "லாக் ஃபைல் அனுப்புங்க"ன்னு வரும். மேக்ரியம் இங்கிலாந்து கம்பெனி, அங்க காலைல 9 மணின்னா நமக்கு மதியம் ஒன்றரை, குளிர்காலத்துல ரெண்டரை. அதனால வாங்கறதுக்கு முன்னாடியே, டிரையல் ஓடறப்பவே ஒரு நிஜமான கேள்விய அவங்களுக்கு அனுப்புங்க. உங்க மெஷின் மாடல், டிஸ்க் மாடல் எல்லாம் போட்டு, "இந்த மெஷின் செத்து வேற மதர்போர்டு போட்டா உங்க இமேஜ்ல இருந்து பூட் ஆகுமா, என்ன பண்ணணும்"னு கேளுங்க. கேள்விய படிச்சிட்டு பதில் எழுதறாங்களா, இல்ல ஏதோ ஒரு லிங்க்க ஒட்டிட்டு டிக்கெட்ட மூடறாங்களான்னு அதுலயே தெரிஞ்சிடும்.

லினக்ஸ்_மதுரை:
ப்ரோ, இமேஜ் எடுக்க ஃப்ரீயா குளோன்சில்லா இருக்கறப்ப எதுக்கு காசு? தைவான்ல தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் மையத்துக்காரங்க செஞ்சது, பென்டிரைவ்ல பூட் பண்ணி எடுத்தா போதும், கறுப்பு ஸ்கிரீன் பயமா இருந்தா மவுஸ்ல கிளிக் பண்ணியே வேலை பாக்கற ரெஸ்கியூசில்லா போடுங்க. லைசென்ஸ் செர்வர், சந்தா, எதுவும் கிடையாது, பத்து வருஷம் கழிச்சும் அந்த இமேஜ திறக்கலாம், என்னப் பொறுத்தவரை அதான் பெரிய சப்போர்ட்.

சேலம்_சர்வீஸ்:
@லினக்ஸ்_மதுரை என் பையில எப்பவும் ஒரு குளோன்சில்லா பென்டிரைவ் இருக்கும் தம்பி, மறுக்கல. ஆனா அதுக்கு மெஷின ஷட்டவுன் பண்ணி பூட் பண்ணணும், ஆபீஸ்ல யாரு தினம் பண்ணுவா? மேக்ரியமோ வீமோ விண்டோஸ் ஓடறப்பவே ஷேடோ காப்பி (அந்த நொடில டிஸ்க் இருக்கற நிலைமைய பிடிச்சு வைக்கற விண்டோஸ் வசதி) வச்சு எடுத்துடும், ராத்திரி இன்க்ரிமென்டல், அதாவது மாறினத மட்டும் எடுக்கற பேக்கப், தானா போயிடும். அப்புறம் குளோன்சில்லாவுல பெரிய டிஸ்க் இமேஜ சின்ன டிஸ்க்ல சும்மா இறக்க முடியாது.

டேட்டாசென்டர்_அக்கா:
ரெண்டு பேரும் ரெஸ்க்யூ மீடியா (விண்டோஸ் ஏறாதப்ப பூட் பண்ணி இமேஜ இறக்கற பென்டிரைவ்) பத்தி சொல்லவே இல்லையே, ரீஸ்டோர் மாட்டறது பெரும்பாலும் அங்கதான்! இன்டெல் 11ஆம் தலைமுறைல இருந்து வந்த நிறைய லேப்டாப்ல விஎம்டி (எஸ்எஸ்டிய கையாள்ற இன்டெல் வசதி) ஆன்ல இருக்கும், அந்த டிரைவர ரெஸ்க்யூ பென்டிரைவ்ல சேர்க்கலன்னா பூட் ஆகி நிக்கும், டிஸ்க் மட்டும் தெரியவே தெரியாது. இதுக்கு நடுராத்திரில டிக்கெட் போட்டு என்ன பண்ண? இன்னைக்கே நாலு மெஷின்லயும் அந்த பென்டிரைவ்ல பூட் பண்ணி, உள்ள இருக்கற எஸ்எஸ்டியும் பேக்கப் டிஸ்க்கும் ரெண்டும் தெரியுதான்னு பாத்துடுங்க.

பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னும் பாருங்க, புது விண்டோஸ் 11ல நம்மள கேக்காமலே ஆன் ஆகியிருக்கலாம். 48 இலக்க ரிகவரி கீய பேப்பர்ல பிரிண்ட் எடுத்து வைங்க. இன்னொண்ணு, விண்டோஸ்க்குள்ள இருந்து இமேஜ் எடுத்தா டிஸ்க் திறந்திருக்கற நிலைமைலதான் எடுக்கும், அதாவது இமேஜ் ஃபைலுக்கு பூட்டு இருக்காது. உங்ககிட்ட கிளையன்ட்டோட பான் நம்பர், பேங்க் விவரம் எல்லாம் இருக்கும், அதனால சாஃப்ட்வேர்லயே பாஸ்வேர்ட் போட்டு என்க்ரிப்ட் பண்ணுங்க, கண்டிப்பா.

ஈரோடு_கணக்கு:
ரொம்ப நன்றிங்க அக்கா, விஎம்டி பேரே இப்பதான் கேள்விப்படறேன். வேற மதர்போர்டுல இறக்கினா டேலி லைசென்ஸ் அப்படியே வந்துடுமா? பேக்கப் டிஸ்க்க எப்பவும் சொருகியே வைக்கலாமா?

சேலம்_சர்வீஸ்:
டேலி லைசென்ஸ் மெஷினோட சேர்ந்தது, போர்டு மாறினா மறுபடி ஆக்டிவேட் பண்ண வேண்டியிருக்கும், அந்த ஐடி, பாஸ்வேர்ட ஆபீஸ் மெயில்ல வைங்க, யாரோ ஒரு ஸ்டாஃப் மெயில்ல வேணாம். டிஸ்க்க சொருகியே வைக்காதீங்க, ரான்சம்வேர் (ஃபைல பூட்டி காசு கேக்கற வைரஸ்) வந்தா அதையும் சேத்து பூட்டிடும். ரெண்டு டிஸ்க் வாங்கி மாத்தி மாத்தி போடுங்க, ஒண்ணு வீட்ல இருக்கட்டும்.

சந்தா கட்டறதுக்கு முன்னாடி அதே அளவுல ஒரு எஸ்எஸ்டி வாங்கி, பழச கழட்டி வச்சிட்டு, இமேஜ அதுல இறக்கி பூட் பண்ணிப் பாருங்க. ரெண்டும் ஒரே நேரத்துல மாட்டி இருக்கக்கூடாது, விண்டோஸ் குழம்பிடும். டேலி திறந்து, டோக்கன் சொருகி, போர்ட்டல்ல லாகின் வரைக்கும் போய் பாருங்க. அதுல நின்னா அந்த எர்ரர போட்டோ எடுத்து அப்படியே டிரையல் டிக்கெட்ல போடுங்க, எந்த கம்பெனி வழி காட்டுதோ அவங்ககிட்டயே வாங்கிடுங்க. இத 20ஆம் தேதி தாண்டி ஒரு ஞாயித்துக்கிழமை வச்சுக்கோங்க.