கிரயம் நின்னு போச்சு, அஞ்சு லட்சம் அட்வான்ஸ் என்ன ஆகும்?

குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்

கவிதா, இரவு 8:12
எல்லாருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கம் பக்கம் பேசின வீடு நின்னு போச்சு. விலை 62 லட்சம். அட்வான்ஸ் 5 லட்சம். அதுல 4.5 லட்சம் பேங்க் மூலமா, 50,000 ரொக்கம். மூணு மாசக் கெடு போன வாரம் முடிஞ்சது. லோன் கிடைக்கல. "கெடு தாண்டிருச்சு, அட்வான்ஸ் கிடையாது"ன்னு ஓனர் சொல்றார்.

உமா அண்ணி, 8:15
லோன் ஏன் கிடைக்கல? சம்பளம், சிபில் பார்த்து நிறுத்தினாங்களா, பத்திரம் பார்த்து நிறுத்தினாங்களா?

கவிதா, 8:17
பத்திரம்தான் அண்ணி. வீடு ஓனரோட அப்பா சம்பாதிச்சது. உயில் எழுதாமலே போயிட்டார். வாரிசுச் சான்றுல அம்மா, ஓனர், தங்கச்சின்னு மூணு பேர். அம்மா தன் பங்கை விட்டுக்குடுத்து விடுதலைப் பத்திரம் போட்டுட்டாங்க. தங்கச்சி போடல. வெளியூர்ல இருக்காங்க, கையெழுத்து வாங்கித் தரேன்னு சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்திட்டார்.

வக்கீல் பாலு சித்தப்பா, 8:21
அப்ப குறை விக்கிறவர் பக்கம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளும் மகனுக்குச் சமமான வாரிசு. அந்த வீட்டுல மூணுல ஒரு பங்கு தங்கச்சியோடது. அவர் முழு வீட்டையும் விக்க முடியாது. உரிமையில இருக்கற குறையை வாங்கறவருக்குச் சொல்ல வேண்டியது விக்கிறவர் கடமைன்னு சொத்து மாற்றுச் சட்டம் 55ம் பிரிவு சொல்லுது. அதே பிரிவுலதான், குடுத்த பணத்துக்கு அந்த வீட்டு மேலயே வாங்கறவருக்குப் பொறுப்புரிமை, அதாவது அந்த வீட்டுல இருந்தே பணத்தை வசூலிக்கற உரிமை, உண்டுன்னும் இருக்கு.

கெடு தாண்டினதாலயே அட்வான்ஸ் போச்சுன்னு கிடையாது. வீடு, நிலத்துல காலம்தான் ஒப்பந்தத்தோட உயிர்னு கோர்ட் தானா எடுத்துக்காது. நீ பணத்தோட தயாரா இருந்தியா, அவர் பத்திரத்தோட தயாரா இருந்தாரான்னுதான் பார்க்கும்.

உமா அண்ணி, 8:25
அதுக்கு ஆதாரம் பேங்க் கடிதம். கவிதா, நாளைக்கே கிளைக்குப் போ. பத்திரம் பார்த்து அவங்க வக்கீல் எழுதற லீகல் ஒப்பீனியன் பேங்க்குக்காக எழுதினது, முழுசா தர மாட்டாங்க. "இந்தச் சொத்தில் இன்னார் விடுதலைப் பத்திரம் இல்லாததால் கடன் பரிசீலிக்கப்படவில்லை"ன்னு ஒரு வரி லெட்டர்ஹெட்ல கேளு. "கடன் நிராகரிக்கப்பட்டது"ன்னு மொட்டையா குடுத்தா வாங்காதே. அந்தக் கடிதத்தை உனக்கு வருமானம் பத்தலைன்னு அவங்க வக்கீல் திருப்பிப் பேசுவார். வருமானத்தைப் பார்த்துக் குடுத்த முதல்கட்ட சாங்க்ஷன் கடிதம் இருந்தா அதையும் சேர்த்து வை. நீ தயாரா இருந்தேங்கறதுக்கு அதுதான் சாட்சி.

சண்முகம் மாமா, 8:28
அக்ரிமென்ட் பதிவு பண்ணினீங்களாம்மா?

கவிதா, 8:29
இல்ல மாமா. 100 ரூபாய் பத்திரத்தாள்ல எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினோம். புரோக்கர் போதும்னார்.

சண்முகம் மாமா, 8:33
போதாதும்மா. 1.12.2012ல இருந்து தமிழ்நாட்டுல கிரய ஒப்பந்தம் கட்டாயமா பதிவு பண்ணணும். பதிவு பண்ணியிருந்தா வில்லங்கத்துல ஏறியிருக்கும். அடுத்து வாங்க வர்றவர் ஈசி (வில்லங்கச் சான்று) போட்டதும் உன் ஒப்பந்தம் தெரியும், ரத்து ஆவணம் கேப்பார், ஓனர் தானா உன்னைத் தேடி வருவார். அந்தப் பிடி இப்ப இல்ல. இன்னிக்கே ஒரு ஈசி போட்டுப் பாரு. வேற யாருக்காவது புதுசா ஒப்பந்தம் ஏறியிருக்கா, அடமானம் இருக்கான்னு தெரியணும்.

வக்கீல் பாலு சித்தப்பா, 8:37
மாமா சொல்றது சரி. ஆனா பதிவில்லைன்னு கேஸே இல்லைன்னு பயப்படாதே. பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் முடிச்சுத் தரக் கேக்கற வழக்குல சாட்சியமா எடுத்துக்கலாம்னு உச்ச நீதிமன்றம் 2023ல தமிழ்நாட்டு வழக்குலயே சொல்லிருச்சு. உனக்கு வேண்டியது பணம். அதுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட் இருக்கு. அந்த 50,000க்கு ரசீது உண்டா?

கவிதா, 8:38
அக்ரிமென்ட்லயே "ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்"னு எழுதியிருக்கு. நான் தவறினா அட்வான்ஸ் போச்சு, அவர் தவறினா ரெட்டிப்பா தரணும்னும் இருக்கு.

வக்கீல் பாலு சித்தப்பா, 8:44
நல்லது. சொத்துக்காக 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கறது வருமான வரிச் சட்டப்படி தப்பு. அபராதம் வாங்கினவருக்கு, உனக்கில்ல. அவர் ரொக்கமா திருப்பிக் குடுக்க வந்தாலும் வாங்காதே, கணக்குலதான் வரணும்.

ரெட்டிப்புங்கற வரியை நம்பி 10 லட்சம் எதிர்பார்க்காதே. ஒப்பந்தச் சட்டம் 74ம் பிரிவுப்படி எழுதின தொகை உச்ச வரம்புதான். நியாயமான அளவு எதுவோ அதைத்தான் கோர்ட் தரும். அவருக்கும் அதே விதிதான். 1963ல உச்ச நீதிமன்றம் பார்த்த வழக்குல விலை 1,12,500 ரூபாய். அதுல உறுதிப் பணம் 1,000, அப்புறம் குடுத்தது 24,000. வாங்கினவர் தவறியும்கூட, பறிக்க விட்டது அந்த 1,000 மட்டும். இங்க நீ தவறவே இல்ல.

உமா அண்ணி, 8:47
டிடிஎஸ், அதான் விக்கிறவருக்குத் தர்ற பணத்துல நீயே பிடிச்சுக் கட்டற வரி, கட்டினியா? விலை 50 லட்சம் தாண்டினா அட்வான்ஸ் குடுக்கும்போதே 1 சதவீதம் பிடிக்கணும்.

கவிதா, 8:48
ஆமா அண்ணி, 5,000 கட்டினேன். பேங்க்ல போட்டது 4,45,000.

உமா அண்ணி, 8:51
அது அவர் பான் கணக்குல நிக்குது. அந்த வரியை அவர் தன் கணக்குல கழிச்சுக்கிட்டா அந்த 5,000 அவர்தான் உனக்குத் தரணும். கழிக்கலைன்னா வருமான வரித் துறையோட டிரேஸஸ் தளத்துல நீயே திருப்பிக் கேக்கலாம். செட்டில்மென்ட் எழுதும்போது எதுன்னு ஒரு வரி போட்டுரு. நிறைய பேர் இதை மறந்துடறாங்க.

தினேஷ், 8:53
போலீஸ்ல ஒரு கம்ப்ளெயின்ட் குடுத்தா பயந்து தர மாட்டாரா?

வக்கீல் பாலு சித்தப்பா, 8:57
சிவில் விவகாரம்னு சொல்லி அனுப்பிடுவாங்க தம்பி. ஏமாத்தற எண்ணம் ஆரம்பத்துலயே இருந்ததுன்னு காட்டணும். ஏற்கெனவே வித்த வீட்டுக்கு அட்வான்ஸ் வாங்கினார்னா சரி. இங்க வாரிசுச் சான்றை அவரே குடுத்திருக்கார். புகார் நிக்காது.

முதல்ல வக்கீல் நோட்டீஸ், 15 நாள் அவகாசத்தோட. பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க, அதனால ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பணும். வாங்காம திரும்பி வந்தா கவரைப் பிரிக்காதே, அப்படியே கோர்ட்ல காட்டணும்.

அப்புறம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வழக்குக்கு முன்னாடியே மனு குடுக்கலாம், கட்டணமில்ல. அவங்க நடத்தற லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) முடிஞ்சா அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. ஆனா அவர் வரணும், ஒத்துக்கணும். வரலைன்னா சிவில் வழக்கு. கோர்ட் கட்டணம் 3 சதவீதம், 5 லட்சத்துக்கு 15,000. மூணு வருஷத்துக்குள்ள போடணும். கிரயம் கேட்டு வழக்குப் போட்டாலும் "இல்லாவிட்டால் முன்பணம் திருப்பித் தர வேண்டும்"னு மனுவுல தனியா கேக்கணும். அந்த ஒரு வரி விட்டுப்போய் பணம் கிடைக்காமப் போன வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு.

கவிதா, 9:02
வீட்டை வேற ஆளுக்கு வித்ததும் தரேன், அதுவரைக்கும் செக் தரேன், ஒரிஜினல் அக்ரிமென்டைக் குடுத்துருங்கன்னும் கேட்டார் சித்தப்பா.

சண்முகம் மாமா, 9:04
குடுத்துராதேம்மா! பணம் உன் கணக்குல ஏறின மெசேஜ் பார்த்த பிறகுதான் ஒரிஜினல். அதுவும் "ரத்து, கணக்குத் தீர்ந்தது"ன்னு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ரெண்டு சாட்சியோட.

வக்கீல் பாலு சித்தப்பா, 9:08
செக் வாங்கலாம், தேதி போட்டது. கூடவே "முன்பணத்தைத் திருப்பித் தருவதற்காக" இந்த நம்பர் செக் தந்தேன்னு கடிதம் வாங்கு. இல்லைன்னா செக்யூரிட்டிக்குக் குடுத்ததும்பார். தேதியில இருந்து 3 மாசத்துக்குள்ள பேங்க்ல போடணும். திரும்பினா, தகவல் வந்த 30 நாளுக்குள்ள நோட்டீஸ். அது கிடைச்சு 15 நாள்ல தரலைன்னா அடுத்த ஒரு மாசத்துக்குள்ள, செக் திரும்பினதுக்கான 138ம் பிரிவுல கோர்ட்ல புகார். இதுல ஒரு நாள் தவறினாலும் சிக்கல், காலண்டர்ல குறிச்சு வை.

கவிதா, 9:10
போன்ல பேசினதுக்கு ஆதாரம் இல்லையே?

வக்கீல் பாலு சித்தப்பா, 9:14
இனிமே எழுத்துல பேசு. பழைய வாட்ஸ்அப் எதையும் அழிக்காதே, அந்த போனையும் மாத்தாதே. இன்னிக்கு ராத்திரி இதை அனுப்பு:

"ஐயா, நம் கிரய ஒப்பந்தத்தின்படி ரூ. 5,00,000 முன்பணம் தந்துள்ளேன். தங்கள் சகோதரியின் விடுதலைப் பத்திரம் இல்லாததால் வங்கி கடன் தரவில்லை. அந்தப் பத்திரத்துடன் கிரயம் முடித்துத் தர 15 நாள் கேட்கிறேன். இயலாவிட்டால் முன்பணம் முழுவதையும் என் வங்கிக் கணக்கில் செலுத்தவும்."

கோபமா ஒரு வார்த்தை சேர்க்காதே. இதை ஒருநாள் நீதிபதி படிப்பார்.

உமா அண்ணி, 9:16
ஒப்பந்தத் தேதியைப் போட்டு அனுப்பு கவிதா, வெறும் "நம் ஒப்பந்தம்"னு இருக்கு.

கவிதா, 9:21
தேதி சேர்த்து அனுப்பிட்டேன் அண்ணி. நீல டிக் வந்துருச்சு. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுட்டேன். காலைல பத்து மணிக்கு பேங்க் போறேன்.